செருப்போடு வைத்த கோல்

முகாமுக்கென்று வேடியப்பனுக்கு முகத்தை மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக் கூட்டிப்போனவள் கௌரியம்மாள்தான். பிற்பாடு அதற்காகத் தன்னையே அவள் வைதுகொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அன்றைக்கு அவளிடம் கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பாள். டாக்டர்களும் ஆபீசர்களும் உட்கார்ந்திருக்கிற இடம். அழுக்கு லுங்கியோடு போய் நின்றால் நாயைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். வேலை நடக்காவிட்டாலும் மானம் போகக்கூடாது இல்லையா?

வேடியப்பன் ஒரு காலத்தில் கே.ஜி.கண்டிகை சுற்றுவட்டாரத்தில் கரும்பு லோடு ஏற்றுவதில் பேர்போன ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோடு கட்டிக்கொண்டிருந்தவன், டிராக்டர் உச்சியிலிருந்து கயிறு அறுந்து கீழே வந்துவிட்டான். இடுப்பில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வலது கால் குட்டையாகிப்போனது. கோல் ஊன்றினால் டீக்கடை வரை போய்வருவான். அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், இடுப்பிலிருந்து பாதம் வரை எரிய ஆரம்பித்துவிடும். தரையில் மல்லாந்து படுத்தால்தான் அடங்கும். குனிந்தானோ போச்சு, நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும்.

அவன் விழுந்த மறுமாதமே கௌரியம்மாள் சித்தாள் வேலைக்குப் போனாள். நாற்பத்தேழு வயதில் கலவைச் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு சாரம் ஏறுவதென்றால் சும்மாவா? ஒரு வருஷத்தில் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. "இனிமே ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாதுமா" என்று சுகாதார நிலைய நர்ஸ் சுஜாதா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். கௌரியம்மாள் தலையாட்டிவிட்டு வந்து, பழைய புடவையைக் கிழித்து அடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனாள். போகாவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும்?

"அந்தப் பணம் மட்டும் மாசாமாசம் வந்துட்சுன்னா நீ சட்டிய எறக்கி வெச்சிடு மே" என்பான் வேடியப்பன். "கூழோ கஞ்சியோ, ரெண்டு பேரும் குடிச்சிகினு கெடக்கலாம்."

ஊனம் நூற்றுக்கு நாற்பது என்று டாக்டர் எழுதிவிட்டால் உதவித்தொகை வரும். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருத்தணிக்குப் போனார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. மலைமேல் அபிஷேக மணி அடிப்பது அங்கே வரைக்கும் கேட்டது. மணி கேட்டதும் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர்கள் இருவரின் முறை வந்தபோது வகுப்பறை வாசலில் ஒரு குவியல் செருப்பு கிடந்தது. கௌரியம்மாள் குனிந்து அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்புறம் அவன் கையிலிருந்த மூங்கில் கோலையும் வாங்கிச் செருப்பின் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்தாள்.

"கோலு எதுக்கு மே எடுக்கற?"

"பெரியவங்க எதிர்ல கோல ஊணிகினு நிப்பியா மாமா? ரெண்டு எட்டுதான். செவுத்தப் புடிச்சிகினு போயிடு."

"வலிக்குமே."

"பல்லக் கடிச்சிகினு போ. தணிகைமலையான் இருக்காரு."

அவன் போனான். சுவரைக்கூடப் பிடிக்கவில்லை. வாசலில் அவள் நின்று பார்க்கிறாள் என்ற ஜம்பம் வேறு. இளவயது டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அங்கேருந்து இங்கே நடங்க" என்றார். நடந்தான். திரும்பி நடக்கச் சொன்னார். அதற்கும் நடந்தான். இரண்டு வருஷம் கழித்து அவன் கோல் இல்லாமல் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கக் கௌரியம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு வயிறு எரிந்தது. வெளியே வந்தவனுக்குச் சட்டை முழுக்க வேர்வை. அன்று சாயங்காலம் வரைக்கும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

கடிதம் வந்ததும் கண்ணையன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணையன் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு மனு எழுதவேண்டுமென்றாலும் அவர்தான்.

"முப்பத்தஞ்சுன்னு போட்டுட்டான்" என்றார் கண்ணையன். "துணையின்றி நடக்கிறார். உட்கார்ந்து செய்யும் வேறு வேலைக்குத் தகுதியானவர். மனு தள்ளுபடி. கோல எங்க உட்டீங்க?"

சொன்னாள்.

"உன்ன இன்னா சொல்றது போ. கோயிலுக்கா போன? சாமியா குந்திகினு இருக்குது உள்ள?"

அவளுக்கு அழுகையும் வரவில்லை. இன்னும் நன்றாக வைதால் தேவலை என்றிருந்தது.

பெரிய போர்டுக்கு மேல்மனு போடலாம் என்றார் கண்ணையன். மாவட்டத் தலைநகரில் மூன்று டாக்டர்கள் சேர்ந்து பார்ப்பார்களாம். "இந்தத் தபா சவரம் கிவரம் பண்ணாத. இருக்கறதுலயே மோசமான லுங்கிய கட்டு. செத்தாலும் கோல உடாத" என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினார். அழைப்பு வர நாலு மாதமாயிற்று. அந்த நாலு மாதமும் கௌரியம்மாள் சட்டி தூக்கினாள். மேஸ்திரிக்குத் தெரியாமல் சாரத்தின் மறைவில் போய்த் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவாள்.

பஸ்ஸில் வேடியப்பன் நின்றுகொண்டே வந்தான். யாரோ எழுந்து இடம் கொடுத்ததற்கு வேண்டாம் என்றுவிட்டான். தாடியும் அழுக்கு லுங்கியுமாக இருந்த அவனை, பக்கத்தில் நின்றவர்கள் குடிகாரன் என்று நினைத்து நகர்ந்துகொண்டார்கள்.

போர்டில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் வயதான டாக்டர். கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. காலையிலிருந்து எண்பது பேரைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய ரிப்போர்ட்டைப் படித்தார். வேடியப்பனைப் பார்த்தார். கோலைப் பார்த்தார்.

"போன தடவை கோல் இல்லாம நல்லா நடந்திருக்கீங்களே. இப்ப எங்கேருந்து வந்தது கோல்?"

கௌரியம்மாள்தான் முன்னால் வந்தாள். "நான்தான் சாமி அத வாங்கி வெளிய வெச்சேன். செருப்போட."

"எதுக்கு?"

"மரியாதைக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டார். வயதானவர் சிரிக்கவில்லை. "மரியாதைக்கு யாராவது ஊன்றுகோலை வெளியே வைப்பாங்களாம்மா? யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்து அனுப்புறது?" என்று அலுப்போடு கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டாள். உண்மைக்கு மேல் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? அவர் பேனாவைக் கையில் எடுத்தார். நாற்பது போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது.

"மாமா, அய்யா கால்ல உழு."

வேடியப்பன் திரும்பி அவளைப் பார்த்தான். குனிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இருந்தும் அவன் கோலை மேஜையில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, இடுப்பிலிருந்து மடங்கி டாக்டரின் காலடியில் விழுந்தான். விழும்போது வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திருப்பா. இதெல்லாம் கூடாது."

அவன் எழுந்திருக்கவில்லை.

"போதும்ப்பா, எழுந்திரு. வெளியே இன்னும் முப்பது பேர் நிக்கறாங்க."

"அவரால முடியாது சாமி. குனிஞ்சா எந்திரிக்க முடியாது" என்றாள் கௌரியம்மாள்.

"குனிய முடியுதில்ல?" என்றார் டாக்டர். பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். பியூன் ஒரு கையும் அவள் ஒரு கையுமாகத் தூக்கி நிறுத்தினார்கள். வேடியப்பனின் தாடியில் தரைத் தூசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

இந்த முறை கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. முன்பக்கம் முழுமையாகக் குனிகிறார் என்று எழுதியிருந்தார்கள். மற்றதெல்லாம் அதேதான். வேறு வேலைக்குத் தகுதியானவர்.

"ரெண்டு தபாவும் நான்தான் உன்னக் கெடுத்தேன்" என்றாள் அன்றைக்கு.

"உடு மே. நீ எனக்குக் கெட்டது நெனப்பியா?" என்றான் அவன் மல்லாந்து படுத்தபடி. அந்தப் பேச்சுத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் அவள் துவைத்துக் காயப்போட்ட துணியில் போகாத ரத்தக்கறையை வேடியப்பன் பார்த்துவிட்டான். கோலை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணையனிடம் போனான். "கவர்மெண்டே எழுதியிருக்குதே, வேற வேல செய்வேன்னு. அந்த வேற வேல எங்க கீதுன்னு பாரு" என்றான். கோபத்தில்தான் சொன்னான். ஆனாலும் கண்ணையன் விசாரித்து வைத்தார். திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பகல் வாட்ச்மேன் வேண்டுமாம். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வேலை.

"உன்னாலதான் குந்த முடியாதே மாமா" என்றாள் கௌரியம்மாள்.

"நின்னுக்கறேன். யாரும் இல்லாதப்ப படுத்துக்கறேன். நீ சட்டிய எறக்கு மொதல்ல."

மறுபடியும் சவரம். மறுபடியும் அதே வெள்ளை வேட்டி. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவள் கையை நீட்டவே இல்லை. அவனாகத்தான் கோலை அவளிடம் கொடுத்தான்.

"இந்தா, பின்னால மறைச்சுக்கோ. இத்தப் பாத்தா வேல குடுக்க மாட்டான்."

அவள் கோலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். மேனேஜர் குமரேசன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஊர், பேர் கேட்டார். வேடியப்பன் நிமிர்ந்து நின்று பதில் சொன்னான். சரி, வேலை கிடைத்துவிடும்போல என்று அவளுக்கு உயிர் வந்தது. "பெருசா ஒண்ணுமில்லைங்க. வண்டி வந்தா கேட்டத் தொறந்து உடணும், அவ்வளவுதான். எங்க, ஒரு தபா தொறந்து காட்டுங்க" என்றார் குமரேசன்.

கேட்டின் தாழ்ப்பாள் கீழே, தரையோடு தரையாக இருந்தது.

வேடியப்பன் அதைப் பார்த்தான். ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தான். அப்புறம் குனிந்தான். தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டான், கேட்டும் திறந்துகொண்டது. அவன்தான் நிமிரவில்லை. குனிந்தவன் குனிந்தபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கௌரியம்மாள் கோலோடு ஓடினாள்.

குமரேசன் கோலைப் பார்த்தார். ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"ஏம்மா, இப்பிடி இருக்கறவர வேலைக்குக் கூட்டிகினு வரலாமா? பாவமா இல்ல உனக்கு? இவரு மாதிரி ஆளுங்களுக்குன்னுதான் கவர்மெண்ட்ல மாசாமாசம் பணம் குடுக்கறாங்களே. மனு எழுதிப் போடு. இவர ஒரு தபா பாத்தாலே போதும், யாரா இருந்தாலும் குடுத்துடுவாங்க."

இரண்டு கடிதமும் அவள் இடுப்பில் சொருகிய மஞ்சப்பைக்குள்தான் இருந்தன. அவள் எடுக்கவில்லை.

"ஆங், எழுதிப் போடறோங்க" என்றாள்.

அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக அவனை நிமிர்த்தினாள். அவன் பாரம் முழுவதும் அவள்மேல் சாய்ந்தது. அடிவயிற்றில் இருந்தது நழுவிக் கீழே இறங்கியது. அப்படியே நின்று மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"பாரமா இருக்குதா மே?" என்று கேட்டான் வேடியப்பன்.

"இல்ல மாமா. நட" என்றாள்.