நான்காவது கம்பி

பலகை இழைக்கும் மெஷினில் உயரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுற்றவில்லை. பழுது பார்க்க எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் மோட்டார்களைப் பிரித்துப் போட்டவன் நான். ஆனால் அது என் மாப்பிள்ளைக்கு எதிரான சாட்சி. சாட்சியை யாராவது துடைத்து வைப்பார்களா? வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பின்னறைக்கு அழைத்துப்போய், "சுத்திப் பாருங்க" என்பேன். முக்கி முனகிவிட்டுக் கையை எடுப்பார்கள். "ஓசியில வாங்கிட்டுப் போனவர் பண்ண வேலை" என்பேன்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, தொட்டில் செய்ய மாப்பிள்ளை அதை வாங்கிப்போனார். பதினைந்தே நாளில் பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். அத்தோடு போயிருக்கலாம். "மாமா, உள்ள இருக்கிற கம்பிக்கெல்லாம் மெழுகு தேய்ச்சிருக்கேன். எண்ணெய் விட்டா மரத்தூள் ஒட்டிக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரா? அவர் தெருமுனை திரும்புவதற்குள் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஏழெட்டுப் பலகை இழைத்திருப்பேன். ஒரே மாதத்தில் கைப்பிடி இறுகிக்கொண்டது. போனில் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

"மெழுகு தேய்க்கிறேன்னு மெஷினையே காலி பண்ணிட்டீங்களே. சொந்தமா வாங்கியிருந்தா அருமை தெரிஞ்சிருக்கும்."

மகள் போனைப் பிடுங்கினாள். "இனிமே உங்ககிட்ட எதையும் கேக்க மாட்டோம்பா" என்றாள். கேட்கவும் இல்லை, வரவும் இல்லை. பேரன் பிறந்தபோது என் மனைவி மட்டும் போனாள். அவர்களே கூப்பிடட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். வீம்புக்கு என்ன குறைச்சல்.

போன வாரம் சமையலறை அலமாரியின் பலகைத் தட்டு ஒன்று உடைந்தது; புதிதாக ஒன்று இழைக்க வேண்டும். "அந்த மெஷினைத் திறந்துதான் பாருங்களேன். இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றாள் மனைவி.

மெஷினைச் சாய்த்து, கைப்பிடியையும் உள்ளே இருக்கும் கம்பிகளையும் இணைக்கும் செயினை அடியிலிருந்து கழற்றினேன். கைப்பிடி தனியாக லேசாகச் சுற்றியது. அப்படியென்றால் கோளாறு கைப்பிடியில் இல்லை. மூலைக்கொன்றாக நிற்கும் நான்கு மரைக் கம்பிகளில்தான். ஒவ்வொன்றாகக் கையால் திருகினேன். முதல் கம்பி அசையவில்லை. எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து மரைக்குள் களியாக இறுகியிருந்தன. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவது வழுக்கிக்கொண்டு சுற்றியது. தொட்டுப் பார்த்தேன். விரலில் மெழுகு. சுவரோரம் இருந்த கம்பி அது. என் எண்ணெய்க் குப்பியின் மூக்கு அங்கே எட்டாது.

மனைவி கதவருகே நின்றிருந்தாள். "மூணு நீங்க, ஒண்ணு அவரு" என்றாள்.

கம்பிகளைச் சுரண்டித் துடைத்து, மெழுகு தேய்த்து, செயினை மாட்டினேன். கைப்பிடி ஒரே விரலுக்குச் சுற்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"எண்ணெய் விட்டது நான்தான் மாப்பிள்ளை. உங்க மேல தப்பே இல்ல."

"பரவாயில்ல மாமா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினார்.

"அந்தத் தொட்டிலைப் பாக்க ஒருநாள் வரலாமான்னு..."

"தொட்டிலா? அதை மாடி வீட்டுக்காரங்களுக்குக் கொடுத்துட்டோம் மாமா. இவன்தான் நடக்க ஆரம்பிச்சுட்டானே."

மனைவி போட்டோ காட்ட வரும்போதெல்லாம் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்தவன் நான். எனக்கு எப்படித் தெரியும்?

"மெஷின் இப்ப நல்லா ஓடுது. எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, நானே கொண்டு வந்து தர்றேன்."

"வேண்டாம் மாமா. நாங்க சொந்தமா ஒண்ணு வாங்கிட்டோம்."

குரலில் துளிக் கோபம் இல்லை. வாங்கிப்போன பொருளைத் துடைத்துத் திருப்பித் தந்ததுபோலவே, என் வார்த்தையையும் திருப்பித் தந்துவிட்டார்.