தனக்கோடி நடந்த நடைக்கு வாசித்தவன்

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் மாரியம்மன் கோயில் கச்சேரிக்கு வேனில் போகிற வழியிலேயே, ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற சாலமன் விஷயத்தை உடைத்துவிட்டார்.

"தப்பா நெனைக்காத முலெங்கா. இன்னியோட போதும். திருமுருகன் புது கீபோர்டு வாங்கிட்டான். பேஸ் எல்லாம் அதுவே வாசிச்சிடுது."

முலெங்கா ஜாம்பியாக்காரன். கிட்வே என்கிற சுரங்க ஊரின் மதுக்கடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தவன். பிறகு நைரோபி, துபாய் என்று சுற்றி, ஒரு பேண்டோடு பாண்டிச்சேரி ஓட்டலுக்கு வந்தான். பேண்டு கலைந்ததும் மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். இவன் குயிலாப்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். தமிழ் பேசக் கற்றதெல்லாம் இந்த வேனில்தான். இந்த வேலையும் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது தெரிந்தும் முகம் வாடவில்லை. தன் விரல்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"சரிண்ணே. இன்னிக்கு வாசிக்கலாம் இல்ல?"

"வாசி, வாசி. மிஷினு கோச்சிக்காம பாத்துக்க" என்றாள் பாட்டுக்காரி மேரிசெல்வி.

"அதுக்குக் கோவம் வராது. சந்தோஷமும் வராது."

திருமுருகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுனாமிக்குப் பிறகு நின்றுபோயிருந்த திருவிழா, இந்த வருஷம் பெரிதாக நடந்தது. பொழுது சாயும்போதே கூட்டம் நிறைந்துவிட்டது. மூன்றாவது பாட்டு நடுவில் விழாக் கமிட்டித் தலைவர் தனக்கோடி கை நிறையப் பொன்னாடைகளோடு மேடை ஏறினார். தலைவர் ஏறினால் பாட்டு நிற்க வேண்டும். எந்த ஊர் மேடையிலும் அதுதான் வழக்கம். திருமுருகன் சுவிட்சை அமுக்கினான். மிஷின் ஊமையானது. ஜனங்கள் வேட்டியை உதறிக்கொண்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் போக எழுந்தார்கள்.

இந்த இடைவெளி முலெங்காவுக்கு எப்போதும் உறுத்தும். கிட்வேயில் பெரிய மனுஷன் உள்ளே வந்தால் பேண்டு நிற்காது. அவன் நடைக்கு வாசிக்கும். அதைச் சாலமனிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. இன்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பொன்னாடை வாங்க முதலில் ரேஷன் கடை பக்கிரி வந்தார். கனத்த உடம்பு. அவர் கால் வைக்க வைக்க, பேஸ் 'தும்... தும்...' என்று கூடவே வந்தது. எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து லைட்டு போட்டுக்கொடுத்த தங்கராசு, ஒல்லியான ஆள், குடுகுடுவென்று ஏறினார். பேஸும் குடுகுடுவென்று ஓடியது. முன்வரிசையில் இருந்த உப்பளத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழே இருந்து சாலமன் கையை ஆட்டினார். முலெங்கா பார்த்தான், நிறுத்தவில்லை.

கடைசியில் தனக்கோடியே பொன்னாடை வாங்கும் முறை. மேடை ஓரத்திலிருந்து நடுவுக்கு அவர் ஓரடி வைத்தார். ஒரு தும். நின்றார். பேஸும் நின்றது. சந்தேகத்தோடு இன்னோர் அடி வைத்தார். இன்னொரு தும். கூட்டம் விசிலடித்தது. அவர் நேராக முலெங்காவிடம் வந்துவிட்டார்.

சாலமன் ஓடிவந்தார். "ஐயா, வெளிநாட்டு ஆளு, தெரியாம..."

"இருய்யா. ஏம்பா, என்னை நக்கல் பண்றியா?"

"இல்லீங்க. நீங்க நடந்தீங்க. நானும் கூட வந்தேன்."

"பக்கிரிக்கு மட்டும் என்னா யானை மாதிரி?"

"அவரு அப்படித்தான் வந்தாருங்க."

கீழே பக்கிரியின் சம்சாரம் மங்கம்மா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். தனக்கோடி பஜ்ஜிக் கடைப் பக்கம் பார்த்தார். அங்கே கடைக்காரனைத் தவிர ஆளே இல்லை. அவனும் கரண்டியோடு மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பொன்னாடை போத்தி இந்த ஊரு உக்காந்து பாத்ததே கெடையாது" என்றார் தனக்கோடி. "சாலமன், அடுத்த வருஷமும் நீதான். இவன் இல்லாம வண்டியை இந்தப் பக்கம் திருப்பாத. தம்பி, திரும்ப ஏறி வர்றேன். கொஞ்சம் கம்பீரமா வாசி."

இறங்கி, மறுபடியும் ஏறினார். முலெங்கா வாசித்தான்.

கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது சாலமன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை இடையஞ்சாவடில கச்சேரி. வந்துடுப்பா."

"வர்றேண்ணே. நோட்டீஸ்ல என் பேரு போடணும்."

"போட்டுடலாம்."

"திருமுருகனுக்கு மேல."

"டேய்" என்றான் திருமுருகன்.

சாலமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பக்கத்துல பக்கத்துல போடறேன்."

"அப்ப என் போட்டோவும் போடுங்க" என்றான் முலெங்கா, கிட்டாரைப் பெட்டியில் வைத்தபடி.