தொட்டியில் ஒன்றுமில்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாளிக்குள் கலங்கிய தண்ணீர், அழுகல் நாற்றம், கொஞ்சம் வேர்.

"அவரை விட்டுட்டு வந்துட்டேன். ஒரு கண்ணாடித் தொட்டி வேணும்."

கதை எழுதுகிறவள் வீட்டுக்கு இப்படியெல்லாம் வரலாமா? அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் முதல் வரியை எழுதிவிட்டேன்.

"வாழ்க்கை என்னும் தொட்டியில் அவள் ஒரு—"

(மன்னிக்கவும். இதோடு நிறுத்திக்கொண்டேன்.)

2

நடந்தது இதுதான். அக்கா படுக்கையறை மூலையில் சின்ன மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தாள். அதில் குறைந்த வெளிச்சத்தில் வளரும் செடிகள். கடையில் கிரிப்ட் என்பார்கள். மங்கலான விளக்கு போதும், வளர்வதற்கு எந்த அவசரமும் காட்டாது. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. இடம் மாற்றினால் இலை முழுவதும் கரைந்துபோகும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். வேர் மட்டும் உயிரோடு இருக்கும். பொறுத்திருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

அக்கா அலுவலகப் பயிற்சிக்காகச் சில வாரம் வெளியூர் போயிருந்தாள். அப்போது அத்தான்* தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினார். நண்பர்கள் வந்தால் பார்க்க நன்றாயிருக்குமாம். இருக்கிற வெளிச்சம் போதாதென்று மேலே இன்னொரு விளக்கையும் மாட்டினார். கண்ணாடியெல்லாம் பாசி ஏறியது, இலைகள் கரைந்தன. எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு வாளியில் போட்டுப் பால்கனியில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் செடிகளை நட்டார். அக்கா திரும்பியதும் பெருமையாகக் காட்டினார்.

"இனிமே உனக்கு ஒரு வேலையும் இல்ல. வாடவே வாடாது பாரு!"

அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறக்கவில்லை. அதையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

* அத்தான் நல்லவர். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அக்காவைக் கேட்காமல் அவளுக்கு நல்லது செய்வார், அவ்வளவுதான். கண் கெட்டுவிடும் என்று அவள் தையல் மெஷினை யாருக்கோ கொடுத்தார். அலைச்சல் என்று அவளுக்கு வந்த பதவி உயர்வை அவரே பேசி நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து நல்லது செய்துகொண்டே இருக்கிறார்.

 மீன்களைக் கேட்கிறீர்களா? பிளாஸ்டிக் செடிகளுக்கிடையே சௌக்கியம். அத்தான் படம் அனுப்பினார்.

3

பத்திரிகை ஆசிரியருக்குப் போனில் கதையைச் சொன்னேன்.

"செடிக்காகவா புருஷனை விட்டுட்டு வந்தா? காரணம் பத்தாதுங்க. ரெண்டு அடி போடச் சொல்லுங்க. இல்லைன்னா அந்த ஆளுக்கு இன்னொரு பொம்பளையச் சேருங்க."

அம்மாவும் அதையேதான் சொன்னாள், இலக்கிய அக்கறை இல்லாமல்.

"இதுக்கெல்லாமாடி ஒருத்தி வீட்டை விட்டு வருவா? யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? மீன் தொட்டின்னா?"

ஆக, அத்தான் அக்காவை அறைந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆசிரியருக்கு ஒரு கதை, அம்மாவுக்கு ஒரு பதில். கேட்காமலே அத்தனை உதவி செய்யும் மனிதருக்கு இதைச் செய்யத் தோன்றவில்லை பாருங்கள்.

அறைகிற காட்சியை எழுதியும் பார்த்தேன். அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"அவர் கைய ஓங்கினதே இல்லடி. அடிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன். இத்தன வருஷம் ஆகியிருக்காது."

காட்சியை அழித்தேன். ஆனால் அவள் சொன்ன வாக்கியத்தைத் திருடிக்கொண்டேன்.

4

உண்மையைச் சொல்வதென்றால், செடி செத்தாக வேண்டும் என்பது என் விருப்பம். செத்தால் கதைக்கு முடிவு கிடைக்கும். விமர்சகர்களும் "குறியீடு" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

அக்கா என் சமையலறை மேடையில், வெயில் படாத பக்கமாகப் புதுத் தொட்டியை வைத்து வேர்களை ஊன்றியிருந்தாள். மண்ணுக்கு மேலே கறுத்த காம்புகள் மட்டும். அவள் வேலைக்குப் போனதும் நான் தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு வேரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நடுவேன். ஒருநாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"தோண்டித் தோண்டிப் பார்த்தா அது எப்படிடி வேர் பிடிக்கும்? கைய எடு!"

எடுத்தேன்.

[இங்கே அக்காவின் மனப் போராட்டத்தை விவரிக்கும் நீண்ட பத்தி ஒன்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவளிடமே "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன். "இருக்குடி" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

5

அத்தான் வந்திருக்கிறார். இப்போது, இதோ, சமையலறையில். நான் வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். புது வாளி வாங்கி வந்திருக்கிறார். செடியையும் சேர்த்தே அழைத்துப் போகிறாராம். என்ன பெருந்தன்மை!

"பழைய இடத்துலயே வச்சுக்கோ. நான் தொடல. கிளம்பு."

"இப்ப மாத்தினா திரும்பவும் கரைஞ்சிடும்."

"எது கரையும்? இதுல ஒண்ணுமே இல்லையே."

இருக்கிறது. பின்பக்கக் காம்பின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை. இன்று காலைதான் அக்கா எனக்குக் காட்டினாள்.

அவருக்குக் காட்டவில்லை. "நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொல்கிறாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார்.

முடிவு ஒன்று: அவருக்குத் தெரியவில்லை. காலி வாளியோடு போகிறார். அக்கா இங்கேயே இருந்துவிடுகிறாள். ஆசிரியர் கைதட்டுவார்.

முடிவு இரண்டு: தெரிகிறது. கண் கலங்குகிறார். அக்கா பெட்டியை எடுக்கிறாள். அம்மா கைதட்டுவாள்.

முடிவு மூன்று: தெரிந்தும் அவர்—

அக்கா என் பின்னால் வந்து நிற்கிறாள். எல்லாவற்றையும் படிக்கிறாள்.

"எல்லாமே அவர் கண்ணுக்குத் தெரியுதா இல்லையாங்கறதுதான். எனக்கு என்ன வேணும்னு எதுலயாவது இருக்கா?"

இல்லை.

"கைய எடுடி."

அத்தான் இன்னும் குனிந்தபடியே இருக்கிறார். அக்கா சமையலறையை நோக்கி நடக்கிறாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது. நீங்களும் தோண்டாதீர்கள்.

கையை எடுக்கிறேன்.