கடைக்கு ஒரு சாவு

எங்கள் ஊர் சிப்பாட்டா, மாகாணத் தலைநகரமாய் இருந்தது போதாதாம், மாநகரமாகிறதாம். அதற்கு என் கடை சாக வேண்டுமாம். இந்த ஊருக்கு வெள்ளைக்காரன் கோட்டையின் பெயர் இருந்தபோதே என் அம்மா இதே கடையில் சோளக்களி கிண்டினாள். அந்தப் பெயர் போயே போச்சு, அடுப்பு மட்டும் அணையவில்லை. என் மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு.

இடிக்க வேண்டும் என்று கடைச் சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட வந்தவர் சாலைப் பொறியாளர் கசோண்டே. பெம்பா இனத்துக்காரர்.

"எலி தின்னி, வெள்ளிக்கெழம காலி பண்ணு."

"இதச் சொல்லவா மரத்துலேருந்து எறங்கி வந்த, கொரங்கு தின்னி?"

பதறாதீர்கள். எங்கள் ங்கோனி இனத்துப் பாட்டன்மாரும் பெம்பாக்களும் ஈட்டியால் குத்திக்குத்தி அலுத்துப்போய், இனி நாக்கால் மட்டும் என்று முடித்துக்கொண்டவர்கள். அன்றிலிருந்து கேலி முறை. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. ஒரு இனத்தார் வீட்டில் சாவு விழுந்தால் பிணம் சுமப்பதும் குழி வெட்டுவதும் மற்ற இனத்தார் வேலை. மறுத்தால் ஊரே காறித் துப்பும்.

வெள்ளிக்கிழமை இடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. நான் வாசலில் விழுந்து புரண்டேன். "ஐயோ, என் கடை செத்துப்போச்சே!" சந்தைப் பெண்கள் ஓடிவந்து ஒப்பாரி வைத்தார்கள்.

"என்னம்மா கூத்து இது?" என்றார் கசோண்டே.

"சாவு வீடுய்யா. மொறைக்காரன் நீயே நிக்கிற. பொணத்த யாரு தூக்குவா?"

அவருடைய ஆட்களில் முக்கால்வாசி பெம்பாக்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினான். பிறகென்ன, தகரம் தகரமாகப் பிரித்து, அடுப்பையும் தூக்கிக்கொண்டு, என்னைப் போலவே மாரில் அடித்து அழுதபடி கிளம்பினார்கள். புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே நிறுத்தினேன். அந்த இடம் கேட்டு மூன்று மனு போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை.

"எத்தன குழி?" என்றார் கசோண்டே.

"நாலு. கம்பம் நிக்கிற ஆழத்துக்கு."

மண்வெட்டியோடு என்னை முறைத்தார். "அடிப்பாவி! கடை கட்டிக் குடுக்கவா கூட்டியாந்த?"

"கோவமாய்யா?"

"யாருக்குக் கோவம்?" பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார்.

திங்கட்கிழமை நகர வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். மறுபடி பிடுங்கினால் எங்கே போவேன்?

விரித்துக் காட்டினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, என் கடை இப்போது நிற்கும் இடத்தில் ஒரு சிலுவை, பக்கத்தில் "கல்லறை. தோண்டக் கூடாது", கீழே அலுவலக முத்திரை.

"இனிமே எந்த மேயர் வந்தாலும் ஒன்ன அசைக்க முடியாது, எலி தின்னி. பொணமாவே கெட!"

வெள்ளிக்கிழமை வராத கண்ணீர் அப்போது பொலபொலவென்று வந்தது.