பம்பாய் சீட்டுக்கு ஏலம்

எந்தப் பொருளின் விலை எந்த நிமிடத்தில் விழும் என்று அறிந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் இராயபுரத்தில்தான் வசிக்கிறார். பெயர் அருள்பிரகாசம். காசிமேட்டில் இருபத்தாறு வருடமாக மீன் ஏலம் எடுப்பவர். விடிகாலையில் நூற்றைம்பதுக்குப் போகும் வஞ்சிரத்தை, ஐஸ் கரைகிற பத்து மணிக்கு எண்பதுக்குத் தூக்கி வருவார்.

2006 ஏப்ரலில், பம்பாயில் இருக்கும் அவர் மகள் ஜானட்டின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. தெருப் பையன்கள் நாங்கள் மாமா என்று கூப்பிடும் அவர்தான் ஞானத்தகப்பன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குழந்தையை அவர்தான் ஏந்த வேண்டும்.

அவர் மச்சான், ரயில்வே வில்சன், பிப்ரவரியிலேயே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டார். மாமா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

"கடல்ல நீஞ்சிக்கினு கீற மீனுக்கு இப்பவே துட்டு குட்த்துட்டு வந்துகீறாம்பா!"

தன் கொள்கையை எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வந்து எனக்கும் விளக்கினார்.

"டேய் பாஸ்கலு, பிளேன் கெளம்பிட்டா காலி சீட்டு இன்னாத்துக்கு ஆவும்? அழுவுன மீனு. கடைசி நாளு அவனே நம்பளக் கூவிக் கூப்புடுவான்."

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. எங்கள் புரொபசர்கூட இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

தினமும் மாலை வந்து விலை கேட்டார். இரண்டாயிரத்து முந்நூறு. "ஏத்தட்டும். மொத கூவலு அப்டித்தான்." மூவாயிரத்து நூறு ஆனதும் ஏலக்களத்து வித்தையை இறக்கினார். "வேணாம்பா, நீயே வச்சிக்க" என்று மானிட்டரிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். விற்பவன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும் என்பது மரபு. மாமா செருப்பை மிக மிக மெதுவாக மாட்டினார்.

"கூப்ட்டானா?"

"இல்ல மாமா. மூவாயிரத்து நானூறு ஆயிட்ச்சி."

"மூஞ்சிய பாத்து ஏத்துறான்டா. நாளைக்கு நான் வெளிய நிக்கிறேன், நீ கேளு."

மறுநாள் அவர் வெளியே நின்றார். விலை நாலாயிரத்தைத் தாண்டியது.

வியாழக்கிழமை மாமாவின் மனைவி ஹில்டா அத்தையே வந்துவிட்டார்.

"இன்னாய்யா, டிக்கெட்டு போட்டியா இல்லியா?"

"இன்னும் ரெண்டு நாளு கீது. கம்முனு இரு."

"பாஸ்கலு, எத்தினி சீட்டு கீதுன்னு சொல்றா."

"மூணுதான் அத்தே. அஞ்சாயிரத்து எரநூறு."

"சரி. ஜானட்டுக்குப் போன் போட்டு சொல்லிட்றேன். வில்சன் அண்ணனே புள்ளய ஏந்தட்டும்."

மாமா சற்று நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"வில்சனா?"

"அவருகிட்டதான டிக்கெட்டு கீது."

"போட்றா ரெண்டு" என்றார் மாமா.

"பேரம் மாமா?"

"போட்றான்னா!"

ஞாயிற்றுக்கிழமை குழந்தை அவர் கையில்தான் இருந்தது. போட்டோ பார்த்தேன். தலையில் தண்ணீர் விழுந்த அதிர்ச்சியில் அது மாமாவின் மீசையைப் பிடித்துத் தொங்குகிறது. மாமாவுக்கு வலித்த மாதிரியே தெரியவில்லை. பின்னால் வில்சன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போதே மாமா உள்ளே குனிந்து நுழைந்தார். மூலை கேபினில் உட்கார்ந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டிசம்பர் இருவத்திமூணு. பம்பாய். ரெண்டு."

"கிறிஸ்மஸுக்கு இன்னும் எட்டு மாசம் கீதே மாமா?"

"எனக்கும் காலண்டர் தெரியும். புக்கிங் தெறந்துட்டானா பாரு." குரலை இறக்கினார். "வில்சன் வந்தா, மெயிலு பாக்கறேன்னு சொல்லு."

அவருக்கு மெயில் ஐடி கிடையாது. நான் பெயர், வயது கேட்டேன். சொன்னார். விலை என்ன என்று அவர் கேட்கவில்லை.