பக்கிளுக்கு ஓர் உதாரண வாக்கியம்

பக்கிள் என்ற சொல்லுக்கு வந்ததும் அகராதிக்காரரின் பேனா நின்றுவிட்டது. ஆபீசில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதிப் பிழைக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

பொருளில் சிக்கல் இல்லை: வாரை இழுத்துப் பூட்டும் கொக்கி. சொல் பிறந்த கதையைப் பார்த்தார். லத்தீனில் கன்னத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். போர்வீரனின் தலைக்கவசத்தில் கன்னத்தோடு ஒட்டி வரும் வாருக்கு அந்தப் பெயராம். அடக் கடவுளே, இதுவும் ஹெல்மெட்டில்தான் வந்து நிற்க வேண்டுமா!

மூன்று மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் வண்டியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். ஹெல்மெட் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பக்கிள் போடாமல் போயிருக்கிறாள், என்ன அலட்சியம் என்று பார்த்தவர்கள் எல்லாம் பேசினார்கள். பெற்றவளும் மகளின் படத்தைப் பார்த்துத் திட்டித் திட்டி அழுதாள். அவர் மட்டும் வாயே திறக்கவில்லை.

அடுத்தது உதாரண வாக்கியம். வேலைக்குப் புதிதாக வந்த உதவியாளர் பெண், விவரம் தெரியாமல் எழுதி வைத்திருந்தாள்: 'சோம்பேறித்தனத்தால் அவள் பக்கிளை மாட்டவில்லை.' அவர் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் வாக்கியங்களுக்குப் போட்ட கைதான். இதற்கு வரமாட்டேன் என்றது. அதை அடித்துவிட்டு எழுதினார்: 'பக்கிள் உடைந்துவிட்டது என்று அவள் அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.'

“எதுக்கு சார் ரெண்டு தடவை? ஒரு தடவை போதாதா?” என்றாள் உதவியாளர்.

“போதும்மா. ஒரு தடவையே போதும். கேட்டிருக்கணும்.”

அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார்.

“பக்கிள் உடைஞ்சிருந்துச்சு. மாத்தித் தாங்கப்பான்னு கேட்டா. நாளைக்கு, நாளைக்குன்னு நான்தான் இழுத்தடிச்சேன். இன்னைக்கு ஒரு நாள் அப்படியே மாட்டிட்டுப் போம்மான்னு அனுப்பி வெச்சதும் நான்தான்.”

கத்துவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தார். உலுக்கினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு மகளின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“மூணு மாசமா உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே, கண்ணு,” என்றாள். “நீ கேட்டியாமே.”