கை போகாத குடுவை

என் வீட்டுக்காரர் மகாராஜா ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று மரக் குடுவைகள் கடைந்திருக்கிறார். அவற்றில் ஒன்றில்கூடக் கால் கிலோ புளி போட்டு வைக்க முடியாது. போட்டால் எடுக்க முடியாது.

அவருக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடைகிற வேலை. எட்டு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர் சாப்பிட்டுப் படுக்கலாம். இவரோ பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்தி, மரத்தைக் கடைய ஆரம்பித்தார். வாத்தியார், கைப்பேசிதான். எந்த நாட்டிலோ ஒரு தாடிக்காரர் கடைவதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஞானம் வந்துவிட்டது.

அந்த ஞானத்தை எனக்கும் ஊட்டினார். குடுவையின் அடி, வயிற்று அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்க வேண்டுமாம். வயிறு, உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே ஏறி நிற்க வேண்டுமாம். அப்போதுதான் பாத்திரம் தரையில் குந்தாமல் எழும்பி நிற்குமாம். வாய் எவ்வளவு சிறிதோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம். இரண்டு விரல் நுழைகிற ஓட்டைக்குள் வளைந்த உளியை விட்டு, கண்ணுக்குத் தெரியாத மரத்தைச் சத்தத்தை வைத்தே சுரண்டி, சுவரைத் தோசைக் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் சுரண்டிச் சுரண்டி உடைந்தவை இந்த இருபத்து மூன்றில் சேர்த்தியில்லை. அவற்றை வைத்து நான் இரண்டு பொங்கலுக்கு அடுப்பெரித்திருக்கிறேன்.

ஒருநாள் என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தேன்மொழி, ஒனக்கு அடி சரியாத்தான் இருக்கு. வயிறுதான் கொஞ்சம் கீழ எறங்கிட்டு” என்றார். இரண்டு நாள் காப்பி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் என் அளவுகள் எல்லாம் சரியாகிவிட்டன.

என்னைச் சமாளித்தவருக்கு அவருடைய அப்பாவைச் சமாளிக்கத் தெரியவில்லை. மாமா பெயர் மாடக்கண்ணு. ஐம்பது வருஷம் வயலில் குனிந்து முதுகு வளைந்த மனிதர். புதுக் குடுவை ஒவ்வொன்றும் முதலில் அவர் கட்டிலுக்குத்தான் போகும். மாமா அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார்.

“ஏலே, கை போவலையே. எப்படிக் கழுவுவ?”

“இது கழுவுததுக்கு இல்லப்பா. பாக்கதுக்கு.”

“சரி. பாத்துட்டு?”

இந்தக் கேள்வி வந்ததும் இவர் குடுவையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவார்.

இருபத்து மூன்றாவதை அவர் பூவரச மரத்தில் கடைந்தார். நாலு மாத வேலை, கழுத்துக்கு மட்டும் மூன்று வாரம். நானே இரண்டு தடவை எடுத்துத் தடவிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா அதை மடியில் வைத்துப் பைய உருட்டினார். வயிற்றைத் தடவினார். இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நிற்கிற பையனைப் போல நின்றார். மாமா இரண்டு விரலை உள்ளே விட்டார். முட்டியோடு நின்றுவிட்டது.

“கை போவல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் மாமா போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு ‘நல்லாருக்கு’ சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது, பட்டேன்.

எரித்துவிட்டு வந்த அன்று இவர் அறிவித்தார்: “அப்பா எலும்ப அந்தப் பூவரசுக் குடுவைலதான் ஆத்துல விடப் போறேன்.”

இவருடைய அக்கா இசக்கித்தாய் பதறினார். “மண் கலயத்துல விடுதது தாம்லே வழக்கம்!”

இவர் கேட்கவில்லை. ஒரு ஆளை எரித்தால் எத்தனை லிட்டர் தேறும் என்று யாரிடமோ விசாரித்தார். குடுவைக்குள் தண்ணீர் ஊற்றி அளந்தார். மூன்று லிட்டர், தாராளமாகப் போதும். எல்லாக் கணக்கும் பார்த்தார், புத்திசாலி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஆற்றில் விட்டாக வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் நானும் மதினி இசக்கித்தாயும் சிந்துபூந்துறைப் படித்துறையில் காத்திருந்தோம். மயானத்தில் வேலை பார்க்கிற ஆள் ஒரு தட்டில் எலும்பையும் சாம்பலையும் வெள்ளைத் துணி மூடிக் கொண்டுவந்தார். பால் தெளித்தார்கள். சாம்பலைக் கொட்ட என் சமையலறைப் புனலையே இவர் கொண்டுவந்திருந்தார். சாம்பல் நல்ல பிள்ளையாக உள்ளே இறங்கியது.

பிறகு எலும்பு. முழங்கால் எலும்பை இவர் குடுவை வாயில் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. மண்டையோட்டுத் துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று லிட்டர் அளந்த மனிதர் வாயை அளக்கவில்லை.

“அண்ணாச்சி, இங்கன வச்சு நொறுக்கித் தாரேன்” என்றார் மயானத்து ஆள், உதவியாக.

“சும்மா கெடயும்வே! உசுரோட இருந்தப்போ முதுகு ஒடிஞ்ச மனுசன், செத்தும் ஒடியணுமா?” என்று மதினி அழுதார். அழுதுகொண்டே பையிலிருந்து ஒரு மண் கலயத்தை எடுத்து நீட்டினார். தம்பியின் கெட்டிக்காரத்தனத்தில் அக்காவுக்கு அவ்வளவு நம்பிக்கை. “இதுல போடுலே. ஒன் குடுவைய வீட்டுக்குக் கொண்டு போ, ஒண்ணும் ஆவாது.”

மணி பத்தேகால். இவர் கலயத்தைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். கலயத்தை வாங்கிவிடுவார், நாலு மாத உழைப்பு பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். இவரோ எழுந்து போய் வண்டிப் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்தார். குடுவையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கழுத்துக்குக் கீழே தோளோடு வைத்து அறுத்தார். மூன்று வாரக் கழுத்து இரண்டு நிமிஷத்தில் படியில் விழுந்து உருண்டது. இப்போது எந்தக் கணக்கிலும் சேராத, வாய் பிளந்த ஒரு மொட்டைப் பானை. அவருடைய அளவுகள் மொத்தமும் போச்சு.

முழங்கால் எலும்பை எடுத்து உள்ளே வைத்தார். கை மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. அடுத்து மண்டையோடு. ஒவ்வொன்றாக, வலிக்குமோ என்பதுபோல் வைத்தார். எல்லாம் வைத்த பிறகும் கையை வெளியே எடுக்கவில்லை. தான் கடைந்த உள்சுவரை அவர் விரல்கள் முதல்முறையாகத் தடவிக்கொண்டிருந்தன.

“அப்பா,” என்றார், “கை போவுதுப்பா.”

ஆறு வருஷமாக வாய் ஓயாமல் கிண்டல் செய்த நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர் அதை விட்டார். மரம் ஆயிற்றே, கொஞ்ச தூரம் மிதந்தது. பிறகு சாய்ந்து, அந்தப் பெரிய வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து, முழுகிப் போனது. அதை எப்படிக் கழுவுவது என்ற கவலை இனி தாமிரபரணிக்கு.